யாரும் விழாத காலாண்டு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்து சக்கரத்தை. அதன்பின் பல நூற்றாண்டுகள் தீவிரமாக யோசித்து, பட்டை வரைபடத்தைக் கண்டுபிடித்தது. நெருப்பு சுட்டுவிடும், சக்கரம் ஏறினால் நசுக்கிவிடும். வரைபடம் ஒன்றுதான் யாருக்கும் தீங்கு நினைக்காத சாதனம். அதிலும், தரவுகளைக் குழு குழுவாகப் பிரித்து வண்ணம் பூசிக் காட்டும் புள்ளியியல் மென்பொருள் ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டால், நோயாளிகள் குணமாகிறார்களோ இல்லையோ, புள்ளிவிவரங்கள் குணமாகிவிடும்.

அந்த மென்பொருளை இயக்கும் பேறு பெற்றவளை மருத்துவமனை முழுக்க 'கிராஃப் மேடம்' என்று அழைத்தார்கள். அவளுடைய அறை தரைத்தளத்தில் சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. துணி துவைக்கும் இயந்திரம் வேகமெடுக்கும்போதெல்லாம் அவள் மேசையும் சேர்ந்து ஆடும். ஆனால் அவள் வரையும் பட்டைகள் ஆடாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுடைய அண்ணி அதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், முதியோர் வார்டில் தலைமை நர்ஸ். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு நாள் மாலை காய் நறுக்கிக்கொண்டே அண்ணி பேச்சை எடுத்தாள்.

"நாப்பது கட்டிலுக்கு ரெண்டே நர்ஸ். ஒருத்தரை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா, இந்தப் பக்கம் இன்னொருத்தர் கட்டில்லேர்ந்து விழறார். மூணு மாசத்துல முப்பத்தோரு பேர். ஒண்ணு விடாம படிவம் எழுதிக் குடுத்திருக்கேன். வியாழக்கிழமை மீட்டிங்ல நீ அதைக் காட்டு. இன்னும் ரெண்டு பேரைக் குடுத்தாங்கன்னா சமாளிச்சுக்குவேன்."

"கவலைப்படாதீங்க அண்ணி. படத்தைப் பாத்தா அவங்களுக்கே புரிஞ்சிடும்."

வியாழக்கிழமை அந்தப் படம் திரையில் தோன்றியது. ஆறு வார்டு, ஆறு பட்டை. ஐந்து பட்டைகள் அடக்கமாக உட்கார்ந்திருக்க, முதியோர் வார்டின் பட்டை மட்டும் பனைமரமாக நின்றது. மொத்தம் நாற்பத்தாறு விழுதலில் முப்பத்தொன்று அங்கேதான். இயக்குநர் அதைக் கருணையோடு நோக்கினார். அவருக்குப் பக்கத்தில், மருத்துவமனையின் தரத்தை உயர்த்துவதற்காகவே வரவழைக்கப்பட்ட ஆலோசகர் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பட்டை ஏன் இவ்வளவு உயரமா இருக்கு?" என்றார் இயக்குநர்.

"அங்க நிறைய பேர் விழறாங்க சார். நர்ஸ் பத்தல."

"அது சரி மேடம். நான் கேக்கறது, படத்துல ஏன் இவ்வளவு உயரமா இருக்கு?"

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "நீங்க குழு பிரிச்ச விதம் சரியில்ல. வார்டு வாரியாப் பிரிக்கறதெல்லாம் பழைய காலம். மாடி வாரியாப் பிரிச்சு சராசரி எடுங்க."

மென்பொருளில் ஒரு வரியை மாற்றினால் போதும். அவள் மாற்றினாள். மூன்றாம் மாடியில் இயக்குநர் அறையும் கூட்ட அரங்கும் இருக்கின்றன. அங்கெல்லாம் யாரும் விழுவதில்லை என்பதால் பட்டை பாதியாகக் குறைந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவர்களுக்கு இந்த வசதி இருந்ததில்லை.

இயக்குநருக்கு அது போதவில்லை. "என் மாடி இல்ல அது? வேற மாதிரி போடுங்க."

கிழமை வாரியாகப் போட்டாள். செவ்வாய்க்கிழமை உயர்ந்து நின்றது. செவ்வாய்க்கிழமைக்கு 'விளக்கம் கேட்டு' கடிதம் அனுப்ப முடியுமா என்று சிறிது நேரம் விவாதம் நடந்தது. நிர்வாக விதிகளில் அதற்கு இடமில்லை என்று தெரிந்ததும் ஆலோசகர் சொன்னார்:

"படிவத்துல வேற என்னென்ன தகவல் இருக்கு?"

"நேரம், கட்டில் எண், அப்புறம்..." அவள் நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"படிவத்தை எழுதினவங்க பேரு."

"அதை வெச்சுப் பிரிங்க."

இந்த இடத்தில் அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். மின்சாரம் போய்விட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், விரல்களும் பழகியவை. ஒரே வரிதான். அழுத்தினாள்.

மற்ற வார்டுகளில் படிவம் எழுதும் வழக்கம் அவ்வளவாக இல்லை. எனவே திரையில் ஏழெட்டுக் குட்டிப் பட்டைகளும், நடுவே ஒரே ஒரு ராட்சதப் பட்டையும் எழுந்தன. மென்பொருள் தன் இஷ்டத்துக்கு அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்திருந்தது.

"ஒரே ஆள் முப்பத்தொண்ணா?" என்றார் ஆலோசகர். அவர் குரல் தழுதழுத்தது. "பாருங்க சார், மூலகாரணம் தெரிஞ்சுபோச்சு. இந்தம்மா லீவுல இருந்த நாள்ல அந்த வார்டுல எத்தனை பேர் விழுந்திருக்காங்க?"

அவள் தேடினாள். "பத்து நாள் லீவு. யாரும் விழுந்ததாப் பதிவில்ல."

"அப்புறம் என்ன?"

"சார், அவங்க விழ வைக்கல. விழுந்ததை எழுதினாங்க. அவ்வளவுதான்."

"அது உங்க அபிப்பிராயம் மேடம்," என்றார் இயக்குநர் அன்பாக. "படம் என்ன சொல்லுதுன்னு பாருங்க."

படம் சொன்னபடியே நடந்தது. அண்ணி அடித்தளத்திலுள்ள பழைய கோப்புகள் அறைக்கு மாற்றப்பட்டாள். அங்கே கோப்புகளைத் தவிர விழுவதற்கு எதுவும் இல்லை. அவள் இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை, ஏனென்றால் மூலகாரணத்தை நீக்கிய பிறகு ஆள் எதற்கு?

அன்று வீட்டில் அண்ணி சத்தம் போடவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் சிவப்பாமே?"

"மென்பொருள் தானாப் போட்டது அண்ணி."

"அதுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

கிராஃப் மேடத்துக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

அடுத்த காலாண்டு முடிந்தபோது மருத்துவ வரலாறு காணாத அற்புதம் நிகழ்ந்திருந்தது. முதியோர் வார்டில் விழுந்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யம். மற்ற வார்டுகளிலும் பூஜ்யம். படிவம் எழுதினால் என்ன ஆகும் என்பதை எல்லா நர்ஸ்களும் படத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தார்கள். கல்வியைப் பரப்புவதில் வரைபடத்துக்கு இணை ஏது? இயக்குநருக்குப் 'பாதுகாப்புச் செம்மல்' விருது கிடைத்தது, ஆலோசகருக்கு ஒப்பந்தம் நீண்டது. பட்டையே இல்லாத அந்தப் பட்டை வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, ஒவ்வொரு வார்டிலும் மாட்டினார்கள்.

மூன்றாம் மாடியில் சட்டம் நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி இயக்குநர் அவளை அனுப்பினார்.

வார்டில் இருந்த ஒரே நர்ஸ் குளியலறையில் யாரையோ தாங்கிப் பிடித்திருந்தாள். சட்டம் நேராகத்தான் இருந்தது. அதற்கு நேர் கீழே, இரண்டு கட்டில்களுக்கு நடுவே, ஒரு முதியவர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. அவள் பதறிப்போய் மண்டியிட்டு அவர் தலையைத் தாங்கினாள்.

"ரொம்ப நேரமா கிடக்கறீங்களா ஐயா?"

"சாப்பாட்டு வண்டி வந்துட்டுப் போச்சும்மா," என்றார் அவர். பிறகு கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்தார். "படுத்துக்கிட்டே அதையே பாத்துட்டிருந்தேன். என் மூக்குக்கண்ணாடி எங்கயோ தெறிச்சுப் போச்சு. என்னம்மா எழுதியிருக்கு?"

அவள் வாசித்தாள். "இந்தக் காலாண்டில் இந்த வார்டில் யாரும் விழவில்லை."

முதியவர் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நான் எங்க கிடக்கேன்?"

அவர் அவள் கையைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார முயன்றார்.

"யாரும்மா வரைஞ்சது அதை?"

படத்தின் வலது மூலையில், சின்ன எழுத்தில், அவள் பெயர் இருந்தது. அதை மட்டும் அவள் வாசித்துக் காட்டவில்லை.