அர்ஜுனன் கழற்றிய நாலு பிளக்கு

ஆயுத பூஜையன்று அர்ஜுனன் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். ஆயில் இன்ஜினில் துருப்பிடித்து இறுகிப்போன நாலு திருகு பிளக்கையும் தன் கையாலேயே கழற்றுவான். கழற்றிய அன்றைக்கே இன்ஜின் வீட்டைவிட்டுப் போகும். அதுவரை கூடத்தில்தான் இருக்கும். வேறு எவன் கையும் அதில் படக்கூடாது.

அன்றைக்கு மல்லாந்து கிடந்த அவன் குழந்தை இப்போது தவழ்கிறது. பிளக்குகள் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

ஏனாத்தூரில் அப்பாவின் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்தபிறகு வேலையில்லாமல் நின்ற இன்ஜின் அது. ரிப்பேர் செய்யலாம் என்று அர்ஜுனன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். உள்ளே தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் உப்பு பாறையாகக் கட்டியிருந்தது. அந்த வழிகளை அடைத்திருக்கும் பிளக்கைக் கழற்றினால்தான் சுரண்ட முடியும். அர்ஜுனனுக்கோ தாலுகா ஆபீசில் கோப்புக் கட்டுகிற கை. மண்ணெண்ணெய் ஊற்றினான். ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினான். சம்மட்டியால் அடித்தான். பிளக்கின் முனைகள் மழுங்கின. சந்தனமும் குங்குமமும் வைத்திருந்த இன்ஜினைப் பார்த்து அடுத்த வீட்டு நீலாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டதுதான் கண்ட பலன்.

"ஏங்க, அந்தோணி அண்ணனைக் கூப்பிடலாமா?" என்று மனைவி ரேணுகாம்பாள் ஒருநாள் கேட்டாள். "பெரிய மெக்கானிக்கு. அவரு தங்கச்சி என்கூட கான்வென்ட்ல படிச்சவ. சொன்னா வருவாரு."

"கற்பூரம் அணைச்சிருக்கேன் ரேணு."

"பாப்பா அதைப் புடிச்சிக்கினு நிக்கப் பாக்குதுங்க."

"நிக்கட்டும். கால் பலப்படும்."

"மண்டையில இடிச்சிக்கினா?"

"ஒருவாட்டி இடிச்சா அப்புறம் கிட்ட போவாது."

"காலையில துருவை எடுத்து வாயில போட்டுக்கிச்சி. வெரலை வுட்டு எடுத்தேன்."

"இரும்புச் சத்து."

ரேணுகாம்பாள் அவனை ஒருமுறை பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் ஒரு வாரம் இன்ஜினைப் பற்றி வாயே திறக்கவில்லை. அர்ஜுனன் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டான்.

ஆனாலும் அந்த மௌனம் சம்மட்டிச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. அர்ஜுனன் ஒரு திட்டம் போட்டான். வெள்ளிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீலாம்பாளோடு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவதாகவும், வர ஐந்து மணியாகும் என்றும் ரேணுகாம்பாள் சொல்லியிருந்தாள். அப்போது அந்தோணியைக் கூட்டிவந்து கழற்றி, கையால் லேசாகத் திருப்பி மாட்டிவைத்துவிடுவது. சாயங்காலம் எல்லார் கண்ணெதிரிலும் தானே கழற்றுவது.

வெள்ளிக்கிழமை தலைவலி என்று லீவு போட்டான். அந்தோணியின் பட்டறைக்குப் போனபோது, அவன் இரும்பைச் சூடேற்றுகிற புளோ லேம்ப்பில் எண்ணெய் ஊற்றித் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"அந்தோணி, நம்ம வீட்ல ஒரு இன்ஜினு..."

"வா, போலாம்."

"யாருக்கும் தெரியக்கூடாதுபா."

"யாருக்குத் தெரியப்போவுது."

வீட்டில் அந்தோணி பிளக்கைச் சூடேற்றினான். "மெழுகுவத்தி இருக்குதா?"

கரண்டு போனால் அந்த வீட்டில் மெழுகுவத்தி தேட அரைமணி ஆகும். இன்றைக்கு இன்ஜினுக்கு நேர் எதிரே ஜன்னலில் இருந்தது, பக்கத்திலேயே நெருப்புப் பெட்டியோடு. நல்ல சகுனம் என்று அர்ஜுனன் நினைத்தான்.

சூடான பிளக்கின் ஓரத்தில் அந்தோணி மெழுகை வைத்தான். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. கொஞ்சம் ஆறவிட்டு, பைப் ரெஞ்சைப் போட்டு முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு நூல் அளவு திருப்பினான்.

"கழட்டச் சொன்னா இறுக்குறியே?"

"மொதல்ல அது போக்குல வுடணும். அப்புறம் நம்ம போக்குக்கு வரும்."

வந்தது. நாலும் வந்தன. திரும்ப விரலால் மாட்டிவிட்டு அந்தோணி போனான். அர்ஜுனன் மெழுகைச் சுரண்டித் துடைத்து, மிச்ச மெழுகுவத்தியைச் சட்டைப் பையில் ஒளித்தான்.

ஐந்து மணிக்கு ரேணுகாம்பாளும் நீலாம்பாளும் குங்குமப் பிரசாதத்தோடு வந்தார்கள். அர்ஜுனன் பனியனோடு இன்ஜின் முன்னால் நின்றான். பல்லைக் கடித்தான். முக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. முதல் பிளக்கு அவன் முக்கி முடிப்பதற்குள்ளேயே கையோடு வந்துவிட்டது. மற்ற மூன்றுக்கும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான்.

"இன்னா பலம்மா உன் வூட்டுக்காரருக்கு" என்றாள் நீலாம்பாள்.

"ஆமாக்கா" என்றாள் ரேணுகாம்பாள். "ஏங்க, கழட்டின அன்னிக்கே இன்ஜின் போவும்னு சத்தியம்."

"போவும். ஆனா இப்ப பொழுது போயிடுச்சே. வண்டிக்கு எங்க போறது? அடுத்த மாசம்..."

வாசலில் மாட்டு மணி கேட்டது. ஏனாத்தூரில் அப்பாவுக்கு வண்டி ஓட்டுகிற முனிசாமி, நாலு ஆட்களோடும் வடக்கயிற்றோடும் உள்ளே வந்தான். யாரையும் எதுவும் கேட்காமல் இன்ஜினுக்குக் கயிறு போட ஆரம்பித்தான்.

"நீ எப்பபா கெளம்பின?"

"மத்தியானம் சாப்ட்டு கெளம்பினேங்க. அண்ணிதான் முந்தாநேத்தே ஆள் அனுப்பிச்சாங்க."

அர்ஜுனன் மனைவி பக்கம் திரும்பினான். "நான் இன்னிக்கிக் கழட்டுவேன்னு முந்தாநேத்தே உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தோணி அண்ணன் வெள்ளிக்கிழமைதான் அவருக்கு ஒழியும்னு சொன்னாரு. அதான் நானும் கோயிலுக்குப் போனேன்" என்றாள் ரேணுகாம்பாள். குழந்தையைக் கூடத்தில் இறக்கிவிட்டாள். அது இன்ஜின் இருந்த இடத்துக்குத் தவழ்ந்து போய், பிடித்து நிற்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்துகொண்டது.

அவள் கணவனின் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து, பைக்குள் கைவிட்டாள்.

"மெழுகுவத்தி ஒண்ணுதாங்க இருந்தது. மிச்சத்தை எடுத்துக்கறேன், ராத்திரி கரண்டு போனா வேணும்."