கும்பகோணத்துச் சூரியனும் என் கம்ப்யூட்டரும்

தங்கள் கணக்கில் தப்பே வராது என்று நம்புகிறவர்கள் முகத்தில் ஒரு தனிக் களை இருக்கும். எண்பதுகளில், இருபத்துமூன்று வயதில், எனக்கு அது தாராளமாகவே இருந்தது. டெல்லியில் ஒரு ஜனவரி மாதக் காலையில், மொட்டை மாடியில், ஏழு அதிகாரிகள் முன்னால் அது மொத்தமாக வழிந்து போனது.

அப்போது நான் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஜூனியர் இன்ஜினீயர். (அந்த 'ஜூனியரை' அப்பா வெளியில் யாரிடமும் சொல்ல மாட்டார்.) இமயமலையில் கரண்டே எட்டிப் பார்க்காத ஒரு கார்வால் கிராமத்து ஆஸ்பத்திரிக்கு, சூரிய ஒளியில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைத் திட்டமிடும் வேலை எனக்கு வந்தது. கேட்டவர் அங்கே நர்ஸாக இருந்த மெர்ஸி அக்கா. சொந்த ஊர் நாசரேத். சுற்றியிருந்த பதினாலு குக்கிராமங்களில் எந்தக் குழந்தைக்கு எப்போது போலியோ சொட்டு மருந்து என்பதை ஒற்றை ஆளாக நோட்டில் எழுதி வந்தார். முந்தின வருடம் பக்கம் மாறி ஒரு பெண் குழந்தையின் பெயர் விட்டுப்போனது. அந்தக் குழந்தைக்கு ஒரு கால் விளங்காமல் போயிற்று. இனி ஒரு பெயரும் விட்டுப்போகக் கூடாது, அதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்று அவர் நடையாய் நடந்தார். ஏழு அதிகாரிகள் கொண்ட கமிட்டி ஒப்புக்கொண்டால் மெஷின் மலையேறும். இல்லாவிட்டால் மறுபடி அதே நோட்டுதான்.

கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கீபோர்டு, திரைக்குப் பதிலாக ஒரு குட்டி கறுப்பு வெள்ளை டி.வி., புரோகிராம் ஏற்ற ஒரு டேப் ரிக்கார்டர். இவற்றை ஓட்ட ஒரு கார் பாட்டரி, அதைச் சார்ஜ் செய்ய ஒரு சோலார் தகடு. தினம் எத்தனை மணி நேரம் வெயில் என்று தெரிந்துவிட்டால் மீதி வெறும் பெருக்கல்தான். வெயில் விவரம் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து புலம்பினேன்.

"எதுக்குடி கண்டவாளுக்கெல்லாம் லெட்டர் போட்டுண்டிருக்கே? சூரியன் எப்ப வரான், எப்ப போறான்னு இதுலயே போட்டிருக்கே" என்று அப்பா சுவர் ஆணியிலிருந்து பஞ்சாங்கத்தைக் கழற்றி நீட்டினார்.

அது கும்பகோணத்தில் கணித்தது. பக்கத்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து காப்பிப் பொடியோடு வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். தை மாதத்தில் பகல் இருபத்தெட்டரை நாழிகை, அதாவது சுமார் பதினொன்றரை மணி நேரம், என்றது. இளவெயிலைக் கழித்து ஏழு மணி நேரம் நல்ல வெயில் என்று எழுதினேன். ஆக, கும்பகோணத்துச் சூரியனை வைத்து, கார்வாலுக்குக் கணக்குப் போட்டு, டெல்லியில் காட்டப் போனேன். இத்தனைக்கும் அதற்கு முந்தின வாரம்தான் பொங்கல். பஞ்சாங்கம் சொன்ன நேரத்துக்குப் பானையை இறக்கிவிட்டு, பனிமூட்டத்தில் சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியாமல், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் குத்துமதிப்பாகக் கற்பூரம் காட்டியிருந்தோம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

போதாக்குறைக்கு ஒரு வீராப்பு வேறு. கரண்டில் சார்ஜ் செய்துவிட்டு ஏமாற்றுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். மூன்று நாள் முன்பே காலி பாட்டரியை மாடியில் தகட்டோடு இணைத்து, அதன்மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்தும் போட்டேன். அந்த மூன்று நாளும் டெல்லியில் எதிரே வரும் பஸ்கூடத் தெரியவில்லை.

மாடியில் மீட்டிங் என்றால் குளிர்காலத்தில் டெல்லி அதிகாரிகள் ஒருவரும் வராமல் இருக்கமாட்டார்கள். வெயில் காய ஆசைப்பட்டு மஃப்ளரும் வேர்க்கடலைப் பொட்டலமுமாக வந்துவிட்டார்கள். மலையிலிருந்து மெர்ஸி அக்காவும் வந்திருந்தார். வெயில்தான் வரவில்லை. டேப் நாலு நிமிஷம் கீச்சிட்டது. திரையில் தலைப்பு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் படம் நாலு பக்கமும் சுருங்கி அப்பளம் அளவாகி, தபால்தலை அளவாகி, ஒரு புள்ளியாகி அணைந்தது.

கமிட்டித் தலைவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "பேட்டி, தூப் கஹாங் ஹை?" (மகளே, வெயில் எங்கே?)

"பஞ்சாங்கப்படி ஆறரைக்கே உதயம் சார்" என்று இந்தியில் சொல்லிவிட்டேன். ஒருவருக்குக் கடலை புரையேறியது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மெர்ஸி அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "என்னட்டி முழிக்கே? எங்க மலையில இந்த மூட்டமே கெடையாது. சனவரியில பத்து மணிக்கெல்லாம் துணி காஞ்சிரும். மழைக்காலந்தான் மோசம். இந்தா, இத வச்சுக் கணக்குப் போடு" என்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தினம் கிராமம் கிராமமாக நடக்கிறவர் அல்லவா? வெயில், மேகம், மழை என்று இரண்டு வருடம் ஒருநாள் விடாமல் தமிழில் குறித்திருந்தார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். தொடர்ந்து வெயிலே இல்லாத நாட்கள் அதிகம் போனால் ஐந்து, அதுவும் ஆகஸ்டில். இரண்டு தகடு, இரண்டு பாட்டரி, தினம் ஒரு மணி நேரம் மட்டும் மெஷின், பார்க்கும்போது மட்டும் டி.வி. என்றால் ஐந்து நாள் தாங்கும். என் பழைய கணக்கை நம்பியிருந்தால் இரண்டாம் நாளே படுத்திருக்கும். இரண்டு கணக்கையும் மறைக்காமல் அப்படியே சொன்னேன்.

தலைவர் என் காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எத்தனையோ மெஷின்களைக் காட்டியிருக்கிறார்கள். எப்போது நிற்கும் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை" என்றார் இந்தியில். பிறகு, "அச்சா. மெஷின் ஃபெயில், ஹிசாப் பாஸ்." ஹிசாப் என்றால் கணக்கு. இரண்டு தகட்டுக்கும் அங்கேயே கையெழுத்துப் போட்டார். மெர்ஸி அக்கா என்னைக் கட்டிக்கொண்ட வேகத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகஸ்டு கடைசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. "அஞ்சு நாளா மழை விடல. மெஷின் ஓடுது. நேத்து பட்டியல்ல நானே மறந்துபோன ஒரு பிள்ளை பேரு வந்துச்சு. நாலு மைல் நனைஞ்சுகிட்டே போயி சொட்டு குடுத்துட்டேன்." அப்பா என்னை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் போனால் யாரும் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. "எத்தனை மணிக்கு வரும், கணக்குப் போட்டுச் சொல்லு" என்று என்னைத்தான் கேட்பார்கள். இப்போது என் பேரன்வரை அந்தக் கேலி வந்துவிட்டது. நானும் கூச்சமில்லாமல் ஒரு நேரம் சொல்வேன். இதுவரை ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. அந்த மலையில் மட்டும் சரியாக வந்தது. எனக்கு அது போதும்.