மூன்றாம் வரியில் விண்டோஸ்

காலை மணி 10.12. மடிக்கணினியைப் போட்டதும் முதலில் தெரிந்தது சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம். முழுக்க ஆங்கிலம். மேல் மூலையில் இருந்த கடிகாரம் 4.42 என்றது. (அது கிரீன்விச் நேரம் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறதே என்று மனம் ஒரு கணம் சந்தோஷப்பட்டது.)

10.30க்கு என் மனைவி கோமதிக்கு நேர்காணல்.

கணக்குத் துறையில் இருந்தவள். மகள் பிறந்த பிறகு நான்கு வருட இடைவெளி. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைக்குக் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று கூப்பிட்டிருந்தது. அவர்கள் சொன்ன மென்பொருளில்தான் பேச வேண்டும். அது விண்டோஸில் மட்டுமே ஓடும், கைப்பேசியில் வராது. அரை மணி முன்னாலேயே திறந்துவைப்போம் என்றவளிடம், அவ்வளவு எதற்கு என்று சொன்னவன் நான்.

எங்கள் மடிக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உண்டு. லினக்ஸ் எனக்கு, பத்திரிகைக்குச் செய்தி அடிப்பதற்கு. (அதற்கு விண்டோஸே போதும். அலுவலகத்தில் ஒருவர் வைத்திருந்தார், நானும் வைத்துக்கொண்டேன்.) ஆன் செய்தால் ஒரு பட்டியல் வரும். எதையும் தொடாவிட்டால் லினக்ஸ் தானாகத் திறக்கும். விண்டோஸ் வேண்டுமானால் அம்புக்குறியை அழுத்திக் கீழே இறங்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவளுக்கு எதற்கு இந்தச் சிரமம் என்று முந்தைய நாள் மாலை அவளுக்குத் தெரியாமல் ஓர் உதவி செய்தேன்.

தானாகத் திறக்க வேண்டியது எது என்பதை ஒரு கோப்பில் எண்ணாகக் குறிக்க வேண்டும். பட்டியலில் விண்டோஸ் மூன்றாம் வரி. 3 என்று போட்டேன். செய்தித்தாளில் முதல் பத்தி ஒன்றாம் பத்திதான். கணினி சைபரிலிருந்து எண்ணும் என்று எனக்குத் தெரியாது. அதன் கணக்கில் 3 என்றால் நான்காம் வரி, அதாவது இயந்திரத்தின் உள் அமைப்பைக் காட்டும் அந்தச் சாம்பல் பக்கம். பட்டியல் வந்து நிற்க வேண்டாம் என்று காத்திருக்கும் நேரத்தையும் சைபர் ஆக்கினேன். (அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.) அணைத்துப் போட்டுச் சோதிக்கலாம் என்றபோது வாசலில் வேன் வந்து நின்றது.

குற்றாலத்தில் சீசன் என்றால் தென்காசியில் இருக்கும் வீட்டுக்குச் சொல்லிவிட்டு யாரும் வருவதில்லை. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் கோமதியின் தாய்மாமா, குடும்பத்தோடும் ஒரு பை பழத்தோடும் இறங்கினார். சோதனை மறந்துபோயிற்று. மறுநாள் காலையில் அவர்கள் எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு அருவிக்குக் கிளம்பினார்கள். வீடு அமைதியாக இருந்தது.

அணைத்தேன், போட்டேன். சாம்பல் பக்கம். வெளியேறும் பொத்தானை அழுத்தினேன். ஒரு சுற்று சுற்றி அதே பக்கத்துக்கு வந்தது.

"என்ன செஞ்சீங்க?" என்றாள் கோமதி. நல்ல சேலை கட்டி, பூ வைத்து, சான்றிதழ்களோடு நின்றாள்.

"ஒண்ணும் செய்யலியே."

"நேத்து சாயங்காலம் இதைப் பாத்துத் தனியாச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

பதில் சொல்வதற்குள் வேன் திரும்பிவிட்டது. மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டிவிட்டதாம், போலீஸ் யாரையும் குளிக்க விடவில்லையாம். அதற்குள் மாமா குடும்பம் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து முடித்திருந்தது. எண்ணெய் சொட்டச் சொட்ட எங்கள் ஒரே குளியலறைக்கு வரிசை கட்டினார்கள். வரிசை மடிக்கணினி இருந்த மேசையை ஒட்டி வளைந்தது.

மாமா குனிந்து பார்த்தார். "மாப்ள, இங்கன மேல ஒரு ஓட்டை இருக்கே, அத அமுக்கிப் பாத்தீரா?" என்று அவரே அமுக்கினார். அது கேமரா.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தை மறுபடி செய்தேன். அணைத்தேன், போட்டேன். இன்னும் ஏழு நிமிடம் இருக்கும்போது, மூன்று என்று போட்டதைச் சொல்லிவிட்டேன்.

"தள்ளுங்க," என்று கோமதி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பார்த்துப் பார்த்துத் தப்பி ஓடிய பக்கத்தை அவள் வரிவரியாகப் படித்தாள். (ஒரு தடவைகூட நான் படிக்கவில்லை.)

"இங்கன ரெண்டு பேரு இருக்கு. ஒங்க லினக்ஸ் மேல உக்காந்திருக்கு, விண்டோஸ் கீழ கெடக்கு. மாத்தி வச்சா?"

"வேண்டாம், இன்னும் கெட்டுப்போகும்."

"இனி கெடுறதுக்கு என்ன இருக்கு?"

மாற்றினாள். சேமித்தாள். திரை கறுத்தது. குளியலறையில் வாளி நிரம்பி வழியும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நீல நிறம் வந்தது, விண்டோஸ் வந்தது. எல்லோரையும் அடுக்களைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றேன். சட்டையெல்லாம் எண்ணெய்.

கதவுக்கு அப்பால் நேர்காணல் எடுக்கும் அம்மாளின் குரல் கேட்டது. உங்கள் பக்கம் ஒரே பனிமூட்டமாகத் தெரிகிறதே என்றார். மாமாவின் விரல்.

கோமதி தயங்கவில்லை. "குற்றாலத்துல சீசன் மேடம்," என்றாள்.

இப்போது புளியங்குடியில் எந்த விசேஷத்திலும் நான் பந்திப் பக்கம் போனால் மாமா குரல் கொடுப்பார்: "மாப்ளைய எண்ண விடாதிய, ஒரு எலை கூடிரும்." அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் சைபரிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார்கள்.

கோமதிக்கு அந்த வேலை கிடைத்தது. கம்பெனியே ஒரு மடிக்கணினி அனுப்பியது. அதன் கடவுச்சொல் எனக்குத் தெரியாது.