புளி சாதத்தோட குகை ரயில் ஏறின கதை

சனிக்கிழமை பொண்ணைத் தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகணும். அன்னைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

ஈரோட்டுல இருந்து ஹைதராபாத் வந்து மூணு மாசம் ஆச்சு. மாதாப்பூர்ல சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவங்க செஞ்சு வெச்சதுல எங்க தப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க.

ஆபீஸ்ல எல்லாரும் இங்கிலீஷ். அதனால ஹிந்தியும் வராது, தெலுங்கும் வராது.

பொண்ணு யாழினிக்கு ஒன்பது வயசு. கிளாஸ்ல எல்லாரும் அந்தப் பார்க்குக்குப் போயிட்டு வந்துட்டாங்களாம். இவ மட்டும்தான் பாக்கியாம். மூணு வாரமா ஒரே நச்சரிப்பு.

"சரி அம்மிணி, போலாம். ஆனா சுத்தறது, தலைகீழாப் போறது எதுலயும் அப்பா ஏறமாட்டேன்."

எனக்குத் திம்பம் மலைப்பாதையில பஸ்ல போனாலே வயித்தைக் கலக்கும். ஜன்னல் சீட்டை எல்லாரும் எனக்கே விட்டுக் கொடுத்துருவாங்க. பாசத்துல இல்லைங்க, பயத்துல.

"சரிங்கப்பா"ன்னு உடனே ஒத்துக்கிட்டா. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டப்பவே நான் உஷார் ஆகியிருக்கணும்.

வீட்டுக்காரி சுகன்யாவுக்கு அன்னைக்கு ஆபீஸ். பெரிய டப்பா நிறையப் புளி சாதம் கட்டிக் கொடுத்து, "பொண்ணை முழுசாக் கூட்டிட்டு வாங்க"ன்னு வழியனுப்பி வெச்சா.

கேப்ல ஏறினோம். ஊர் தாண்டிப் போயிட்டே இருக்கு. டிரைவர்கிட்ட, "பார்க், ஃபார்?"னு கேட்டேன்.

"ஹவ்"னாரு.

ஹவ்வா? எப்படின்னு என்னையே திருப்பிக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல? மேப்பை எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டி, பக்கத்துல உக்காந்து ரோடு ரோடா விளக்கினேன். பாவம், தலையை ஆட்டிட்டே வண்டியை ஓட்டினாரு. பொண்ணு பின்னாடி ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டு இருந்தா. தோள் மட்டும் குலுங்குச்சு. ரோடு சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டேன்.

பார்க் வாசல்ல செக்யூரிட்டி பையைத் திறந்தாரு. டப்பாவை எடுத்தாரு. மூடியைத் தொறந்தாரு. வாசம் குப்புனு வந்துச்சு.

"கானா நக்கோ, சாப்."

கானான்னா சாப்பாடு. அது ஆபீஸ் கேன்டீன் புண்ணியத்துல தெரியும். நக்கோ?

"அந்தர் நக்கோ! நக்கோ, நக்கோ!"ன்னு டப்பாவைக் காட்டிக் கையை ஆட்டறாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. சாப்பாட்டைக் காட்டி நக்குங்கறாரே! அப்புறம் நானே சமாதானம் ஆயிட்டேன். உள்ள கொண்டு போகக் கூடாது, இங்கயே சாப்பிட்டு முடிங்கன்னு இந்த ஊர் பாஷையில மரியாதையாத்தான் சொல்றாரு போலிருக்கு.

"அம்மிணி, வா, சாப்பிடலாம்."

"எனக்குப் பசிக்கலைங்கப்பா."

சுகன்யா கட்டிக் கொடுத்ததைக் கொட்ட மனசு வருமா? கேட்டுக்குப் பக்கத்துல கட்டைச் சுவத்துல உக்காந்து, ரெண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளா முடிச்சேன். செக்யூரிட்டி பார்த்துட்டே இருந்தாரு. அவர் பேச்சைத் தட்டக் கூடாதேன்னு மூடியில ஒட்டியிருந்ததையும் வழிச்சு நக்கிக் காட்டினேன்.

காலி டப்பாவோட உள்ள விட்டுட்டாரு. பார்த்தீங்களா, நான் புரிஞ்சுக்கிட்டது சரிதான்!

உள்ள போனதும் பொண்ணு என் கையைப் பிடிச்சு நேரா ஒரு இடத்துக்கு இழுத்துட்டுப் போனா. பிளாஸ்டிக் பாறையில ஒரு குகை. வாசல்ல சிரிக்கிற யானைக்குட்டி பொம்மை. குட்டி ரயில் ஒண்ணு உள்ள போகுது.

"இது சின்னப் பசங்க ரயில்தானுங்கப்பா. கூடப் பெரியவங்க யாராச்சும் வந்தாத்தான் என்னை ஏத்துவாங்களாம்."

பக்கத்துல ஒரு போர்டு இருந்துச்சு. மேல தெலுங்கு. கீழ இங்கிலீஷ் இருந்திருக்கணும். அங்கதான் பொண்ணு நல்லா முதுகைக் கொடுத்துச் சாஞ்சு நின்னுட்டு இருந்தா.

குகைக்குள்ள இருந்து அலறல் சத்தம். டெஸ்டிங் மூளை முழிச்சுக்கிச்சு. எதுக்கும் கேட்டுருவோம்னு ஆபரேட்டர்கிட்ட போனேன். கையைக் குப்புறச் சுத்திக் காட்டி, "பையா, உல்டா?"ன்னேன்.

"ஹவ்!"

அந்த நொடிதான் எனக்கு ஞானம் பிறந்துச்சு. இவங்க ஹவ்னு சொல்றது கேள்வியே இல்லை! 'அதெப்படிங்க ஆகும், சான்ஸே இல்லை'ங்கறதைத்தான் இந்த ஊர்ல சுருக்கமா அப்படிச் சொல்றாங்க!

"ரொம்ப ஸ்பீடா?"

"ஹவ்."

"டேஞ்சர்? வாமிட்?"

"ஹவ், ஹவ்"னு சிரிச்சாரு. எவ்வளவு நல்ல மனுஷன்! ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பொறுமையா தைரியம் சொல்றாரே.

ஏறி உக்காந்தேன். இடுப்புக்கு மேல ஒரு கம்பி வந்து இறங்குச்சு. அதுக்கு மேல இன்னொரு கம்பி. குட்டி ரயிலுக்கு எதுக்கு இத்தனை கம்பி?

"பையா! ஸ்டாப்! இறங்கறேன்!"

அவர் பதறிட்டு ஓடி வந்து, "நக்கோ! நக்கோ!"ன்னாரு.

யோவ், இப்ப எதைய்யா நக்கறது!

ரயில் கிளம்பிருச்சு. இருட்டுக்குள்ள மெதுவா மேல, மேல, மேல போச்சு. ஒரு நொடி நின்னுச்சு. அதுக்கப்புறம் எது வானம், எது பூமின்னு எனக்குத் தெரியலை. கொங்கு நாட்டுல இருக்கிற அத்தனை மாரியம்மனையும் கூப்பிட்டேன். பக்கத்துல பொண்ணு ரெண்டு கையையும் தூக்கிட்டு, "ஓஹோ"ன்னு கத்தறா. புளி சாதம் வந்த வழியே கிளம்பத் தயாரா நின்னுச்சு.

வெளிய வந்ததும் வாயைப் பொளந்துட்டு நின்ன பென்குயின் குப்பைத்தொட்டிகிட்ட ஓடினேன். அது என்னை ஒண்ணும் கேட்கலை.

ஆபரேட்டர் தண்ணி பாட்டிலோட வந்தாரு. "பப்பா டீக் ஹை?"ன்னு, அப்பா நல்லா இருக்காரான்னு பொண்ணுகிட்ட விசாரிச்சாரு.

"ஹவ் பையா, டீக் ஹை"ன்னு என் பொண்ணு பதில் சொன்னா. சரளமா.

பென்குயினுக்குள்ள இருந்து தலையை எடுத்தேன்.

"ஹவ்னா என்ன?"

"ஆமாங்கப்பா."

"அதைத்தான் கேக்கறேன், என்ன அர்த்தம்?"

"ஆமாங்கறதுதாங்கப்பா அர்த்தம்."

உல்டாவா? ஆமா. டேஞ்சரா? ஆமா. வாமிட்டா? ஆமா, ஆமா. அந்த மனுஷன் ஒரு பொய்கூட சொல்லலை.

"அப்போ நக்கோ?"

"வேண்டாம், கூடாதுன்னு அர்த்தம். ஸ்கூல்ல முதல் வாரமே கத்துக்கிட்டேன்."

"அப்போ ஏன் சொல்லலை? மூடியை வேற நக்க விட்டுட்டியே!"

தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "சொன்னா நீங்க ஏறமாட்டீங்க. தினமும் கிளாஸ்ல இந்த ரயிலைப் பத்தித்தாங்கப்பா பேசறாங்க. எனக்குப் பேச ஒண்ணுமே இல்லை. சும்மா கேட்டுட்டு உக்காந்திருப்பேன்."

கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. என் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தோம். அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைச்சாளான்னு மூணு மாசத்துல ஒரு நாள்கூட நான் கேட்கலை. வெட்கமா இருந்துச்சு. ஊரான் தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறவனுக்கு இது கண்ணுல படலை பாருங்க.

வெளிய வர்ற வழியில, ரயில் கவுந்த நேரத்துல எடுத்த போட்டோ விக்கறாங்க. அவ கையைத் தூக்கிச் சிரிக்கறா. நான் கண்ணை இறுக மூடிட்டு, உள்நாக்கு தெரிய அலறறேன். மறுபேச்சு இல்லாம வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்கூல் பஸ்ல இருந்து குதிச்சு ஓடி வந்தா. மூச்சு வாங்குது.

"அப்பா! போட்டோவை எல்லாரும் பார்த்தாங்க. என் பெஞ்சுல இப்போ நாங்க நாலு பேரு! வர்ற சனிக்கிழமை அவங்களும் உங்ககூடத்தான் அந்த ரயில்ல வரணுமாம். போலாமுங்களா?"

"ஹவ்?"னு அலறினேன்.

நான் அலறினது இங்கிலீஷ்ல. அவ அதை ஹைதராபாத் பாஷையிலதான் எடுத்துக்கிட்டா.