இது எந்த இடம், சொல்லுங்கோ பாப்பம்

மனிதரில் புதிதாக ஓர் இனம் முளைத்திருக்கிறது. துண்டுப்பட ஆசாமி என்று பெயர் வைக்கலாம். ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஆற்றில் கப்பலேறிப் போய், மூன்று வேளையும் மூக்குமுட்டச் சாப்பிட்டு, கரையில் தெரிந்ததையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு வீடு திரும்பி, அந்தப் படத்தையும் முழுதாகக் காட்ட மனம் வராமல், கோபுரத்தின் நுனியை மட்டும் வெட்டியெடுத்து, விடியக்காலையில் பல்லும் தீட்டாமல் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது எந்த இடம், சொல்லுங்கோ பாப்பம்" என்று ஊரையே சோதனை எழுத வைக்கிற ஆள். இவர்களில் படித்தவரும் உண்டு, படியாதவரும் உண்டு. வெட்கம் உள்ளவர்தான் இல்லை.

பாதி மணிக்கூடு, விளக்குக் கம்பத்தின் கழுத்து, ஒரு புகைபோக்கி, பாலத்தில் கிடக்கிற ஆணி. இவைதான் இவர்களுடைய செல்வம். ஒருவருக்கும் பிடிபடாவிட்டால் இரக்கப்பட்டு ஒரு துப்புத் தருவார்கள்: "பக்கத்தில ஆறு ஓடுது." ஆற்றுக் கப்பலில் போனவன் வேறு எதன் பக்கத்தில் நின்று படம் எடுத்திருப்பான், சந்தைக்குப் பக்கத்திலா? உடனே விடை சொன்னால் முகம் சுருங்கிவிடும். விடை வராவிட்டாலும் சுருங்கிவிடும். சொல்லுகிறவர்களாவது யோக்கியமா? கள்ளமாகப் போனில் தேடிப் பிடித்துவிட்டு, மூளையைக் கசக்கியதுபோலக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, "எனக்கென்னவோ ஹைடல்பேர்க் மாதிரிக் கிடக்கு" என்று அப்பாவி போல எழுதுவார்கள்.

இந்த இனத்துக்கு ராசா என்றால், கனடாவில் மொன்றியலுக்குப் பக்கத்து ரொக்ஸ்பரோவில் இருக்கிற அருமைராசாதான். உழைத்த காலம் முழுக்க மொன்றியல் துறைமுகத்துக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கிய மனிதன். ஒவ்வொரு நாளும் அத்தனை பெரிய ஆறு கண்முன்னே கிடந்தது. ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருப்பாரா? பென்சன் எடுத்து ரைன் ஆற்றில் ஒருக்கால் கப்பல் போன பிறகுதான் ஆறு என்றால் என்ன என்று பிறருக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார். கப்பலில் பழகிய தமிழரையெல்லாம் சேர்த்து ஒரு குழு. அதில் அருமைராசா அண்ணை சொன்னால் சொன்னதுதான்.

அந்தக் கப்பலில் அவருடைய மனைவி சிவமலரும் போயிருந்தாள். படங்களைப் பார்த்தால் உங்களுக்கு அது தெரியாது.

பயணத்துக்கு முந்தின வருடம் சிவமலருக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் தலைமயிர் முழுக்கக் கொட்டிப்போனது. வீட்டுக்குள்ளேயும் தொப்பி, கோயிலுக்கும் தொப்பி, யாராவது போனைத் தூக்கினால் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். மயிர் திரும்ப முளைத்துக் காதுவரை வந்தது கப்பல் ஏறுகிற நேரத்தில்தான். வெள்ளைவெளேர் என்று. கொலோனோ எதுவோ, ஒரு கரையில் இறங்கியபோது நல்ல வெயில். தொப்பியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, இப்ப எடுங்கோ" என்றாள். அவரும் எடுத்தார். ஒன்றல்ல, இறங்கிய இடமெல்லாம் எடுத்தார். அவளும் நின்றாள்.

போன கிழமை ரொறொன்ரோவிலிருந்து மகள் துஷாந்தினி போன் பண்ணினாள்.

"அம்மா, தொப்பியில்லாமல் நிண்டு படம் எடுத்தனீங்கள் எண்டு சொன்னனீங்களெல்லோ? அதில ஒண்டு அனுப்புங்கோ. பெரிசா அடிச்சுச் சுவரில மாட்டப்போறன். என்னட்டைக் கிடக்கிற கடைசிப் படம் ஆஸ்பத்திரிக் கட்டிலில எடுத்தது. அதைப் பாக்க ஏலாமக் கிடக்கு."

சிவமலர் மனுசனுடைய போனை வாங்கித் தேடினாள். கோபுரம் இருந்தது. கோபுரத்தில் குந்தியிருந்த புறா இருந்தது. அவள் இல்லை. ஒரு படத்தில் சப்பாத்து நுனி. இன்னொன்றில் மூன்று விரல். வேறொன்றின் ஓரத்தில், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு தோள்.

"இஞ்சருங்கோ, நான் நிண்ட படங்கள் எங்கை?"

"அதுதான் கிடக்கே."

"இதில நான் எங்கை?"

"வெட்டினதப்பா. ஆள் நிண்டா அது புதிரில்லை, அல்பம்."

"அப்ப வெட்டாத படம்?"

"அதெல்லாத்தையும் அழிச்சிட்டன். போனில இடமில்லையெல்லே."

"ஒண்டுகூட வைக்கேல்லையோ?"

"உம்மைத்தான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனே, பேந்தென்னத்துக்குப் படம்?" என்றார். கண் போனில் இருந்தது. குழுவில் இருக்கிற எமிலியானுஸ் ஒரு பாலத்தின் அடிப்பக்கத்தைப் போட்டிருந்தார், அவசரம்.

சிவமலர் கத்தவில்லை. கத்தினாலும் காதில் விழுகிற நேரமா அது? அந்தத் தோள் இருந்த படத்தைத் தன் போனுக்கு அனுப்பி, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியபடியே இரண்டு விரலால் பெருப்பித்து, தோளை மட்டும் வெட்டியெடுத்துக் குழுவில் போட்டாள். கீழே எழுதினாள்: "இது என்ன, சொல்லுங்கோ பாப்பம்."

குழு துள்ளி எழும்பியது.

"தூண். புடாபெஸ்ட்," என்றார் எமிலியானுஸ்.

நாகசுப்பிரமணியன் ஓய்வுபெற்ற பேராசிரியர், சென்னைக்காரர், எதையும் விளக்காமல் விடமாட்டார். "தூண் இல்ல சார். வளைவ பாருங்க, ஏதோ ஒரு சிலையோட பார்ட் மாதிரி இருக்கு. வியன்னாவா இருக்கலாம்."

எல்லாரும் சொல்லிக் களைக்கட்டும் என்று அருமைராசா காத்திருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணருகே பிடித்து, திருப்பி, கவிழ்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் பதிவாகவே குழுவுக்குத் தீர்ப்புச் சொன்னார். எதிர்ச் சோபாவில் சிவமலர் இருந்தாள்.

"தம்பியவை, கவனமாப் பாருங்கோ. இது கொலோன் பேராலயத்து மேற்கு வாசல் சிலை. மழையும் புகையும் பட்டுக் கறுத்த கல்லு, அதுதான் இந்த நிறம். உளி வேலையைப் பாத்தியளே, வலை பின்னினமாதிரி! இப்ப ஆரால ஏலும் இப்பிடிச் செதுக்க? எந்தப் புனிதர் எண்டு பேந்து சொல்லுறன்."

கைதட்டல்கள் கொட்டின. அண்ணையை அடிக்க ஆளில்லை என்று நாலு பேர் எழுதினார்கள். அதற்குக் கீழே சிவமலர் ஒரு வரி போட்டாள்.

"அது என்ர தோள்."

அருமைராசா நிமிர்ந்தார். கடைசியில் நிமிர்ந்தார் என்று சந்தோசப்படாதீர்கள். அவர் பார்த்தது அவளை அல்ல, அவள் அன்றைக்கும் போட்டிருந்த அந்தச் சட்டையை. போனைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், திரும்பப் போனைப் பார்த்தார்.

"ஓமெல்லே! அதே பின்னல்தான். முதலே சொல்லியிருக்கலாமேயப்பா, சபையில என்னைப் பேயனாக்கிப்போட்டீர்." அடுத்த நிமிடம் குழுவுக்குள் சமாளித்தார்: "ஆள் பிழைச்சாலும் இடம் பிழைக்கேல்லை. கொலோன்தான்."

"எனக்கென்னவோ ஸ்ட்ராஸ்பூர்க் எண்டு படுது அண்ணை," என்றார் எமிலியானுஸ். "பின்னால கல்லு சிவப்படிக்குது."

"நிழல் விழற ஆங்கிள வெச்சுக் கண்டுபிடிச்சிடலாம்," என்றார் பேராசிரியர்.

பிடித்துக்கொண்டார்கள். கொலோன் ஒரு கட்சி, ஸ்ட்ராஸ்பூர்க் ஒரு கட்சி. அக்கா, இப்ப சுகமோ என்று ஒரு சீவன் கேட்கவில்லை. தலைமயிர் முளைச்சிட்டுதோ என்று கேட்க நாகரிகம் இடம்கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். தோளுக்கு மேலே ஒரு முகம் இருந்திருக்குமே என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் வெயில் சாயமுதல் சிவமலர் வெளியே கிளம்பினாள். இரண்டு தெரு தள்ளி ஓர் ஆறு ஓடுகிறது. அதற்குக் கப்பலும் இல்லை, கோபுரமும் இல்லை, பேர் கேட்பாரும் இல்லை. கரையில் நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் பிரெஞ்சில் "பொன்சூர்" என்று வணக்கம் சொல்லி, போனை நீட்டி, தன் முகத்தைச் சுட்டிக் காட்டினாள். அந்தப் பெண் விளங்கிக்கொண்டாள். நாயைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, ஒன்று எடுத்து, திருப்தியில்லாமல் கிட்ட வந்து இன்னொன்று எடுத்தாள். காற்றில் வெள்ளை மயிர் நாலு பக்கமும் பறந்தது. சிவமலர் அதைக் கையால் அழுத்தவில்லை.

படம் போனவுடனே துஷாந்தினி கூப்பிட்டாள்.

"அம்மா…" என்றாள். பிறகு, "இந்த நரை உங்களுக்கு நல்ல வடிவம்மா. இனி உந்தத் தொப்பியைத் தொட்டியளெண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"ஓமடி, தொடமாட்டன்."

எந்த இடம் என்று மகள் கேட்கவே இல்லை.

அருமைராசாவை நன்றாகத் திட்டுங்கள், அவருக்கு வேணும். ஆனால் இவ்வளவு தூரம் வாசித்து வந்த நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள். அந்தத் தோள் நின்றது கொலோனிலா, ஸ்ட்ராஸ்பூர்க்கிலா என்று உங்களுக்கும் நடுவில் ஒருக்கால் அரித்ததுதானே? இப்போதும் அரிக்கிறதா? அப்படியென்றால் உங்கள் போன் இலக்கத்தைக் கொடுங்கள். குழுவில் இன்னும் ஆள் சேர்க்கிறார்கள்.