மூன்று சுற்று

குழம்பில் உப்பு கூடிவிட்டது. அதற்காக விருத்தாசலம் மனைவி வீரம்மாளை அடிக்கக் கையை ஓங்கினான். பத்து வயது மகள் அம்சவள்ளிக்கு வேறு வழி தெரியவில்லை. நடு வீட்டில் மூன்று சுற்றுச் சுற்றி, வலது கையை நீட்டி நின்றாள்.

ஜெயம் டீச்சர் வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமை இந்தித் தொடரில் வரும் அக்கா அப்படித்தான் செய்வாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று. எப்பேர்ப்பட்ட ரவுடி ஓங்கிய கையும் அந்தரத்தில் நின்றுவிடும். இந்தி ஒரு எழுத்து புரியாது அம்சவள்ளிக்கு. கை நின்றது மட்டும் நன்றாகப் புரிந்தது. பாவம், அவளிடம் கண்ணாடிதான் இல்லை.

அட, அப்பா கையும் நின்றுவிட்டது! ஆனால் சடை அவிழ்ந்து மூச்சுவாங்க நின்றவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் அலறினாள். "ஐயோ, புள்ள மேல அங்காளம்மா வந்துட்டா! ஜல்தியா கற்பூரத்த கொண்டாங்க!"

அம்சவள்ளி பயந்துபோனாள். "சாமியெல்லாம் இல்ல அத்த. டிவில பாத்துச் சுத்துனேன்."

"சாமின்னா பேரச் சொல்லும். இல்லன்னு சாதிச்சா அது பேய்!"

உண்மையைச் சொன்னதற்கு இதுதான் கூலி.

பேய்க்குப் பயந்து விருத்தாசலம் பதினோரு நாள் கை நீட்டவில்லை. வீரம்மாளின் கன்னத்தில் பழைய அடியின் வீக்கம் வடிந்தது. அமாவாசையன்று மூவரும் திண்டிவனத்தில் மேல்மலையனூர் பஸ் ஏறினார்கள்.

"பேய ஓட்டிட்டா பேஜாரு வுட்டுச்சு. அப்புறம் வூடு பழையபடி ஆயிடும்," என்றான் விருத்தாசலம்.

வீரம்மாள் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்சவள்ளிக்கு வேறு கவலை. பழையபடி ஆகிவிடுமே!

அங்காளம்மன் கோயிலுக்கு வெளியே, உடுக்கையும் வேப்பிலையுமாக உட்கார்ந்திருந்தார் பூசாரி துரைக்கண்ணு. "யாரு நீ? சொல்லிட்டுப் போயிடு!"

அம்சவள்ளி அம்மாவின் கன்னத்தைப் பார்த்தாள். பாவாடையை இழுத்துச் செருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கை நீண்டது.

உடுக்கை நின்றது. பூசாரி அவளையே பார்த்தார். பிறகு விருத்தாசலத்திடம் திரும்பினார்.

"பேயா? வாயக் கழுவுய்யா! இவ அங்காளம்மா. வூட்ல பொம்பள மேல கை பட்டுச்சுன்னா மறுபடி வருவா. அப்ப என்னாண்ட ஓடியாராத."

விருத்தாசலம் மகளின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

நெற்றியில் குங்குமம் வைக்கக் குனிந்த பூசாரி, அவள் காதோடு சொன்னார்: "கண்ணாடியக் கழட்டறாப்புல பண்ண மறந்துட்டியே பாப்பா. நான் அவ ஆத்தாள அடிக்கக் கை ஓங்குனப்ப எம் பொண்ணு அத மறக்கல."