முழங்காலுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

கேம்ப் ரோட்டில் உட்கார்ந்தபடியே மூவாயிரம் வருஷம் பின்னால் போய்வரத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஸ்டார் சார்தான். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், சேலையூரில் ஒரு முதல் மாடி ஆபீஸ். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிப்பது எங்கள் வேலை. அவருக்கு என் பக்கத்து நாற்காலி.

ஒருநாள் முழங்கால் ஆபரேஷன் ரிப்போர்ட்டைப் பாதியில் நிறுத்தி, "முட்டிக்கு இங்கிலீஷ்ல 'நீ'ன்னுதானே சொல்றோம், எழுதும்போது முன்னாடி ஊமையா ஒரு 'கே' எதுக்குப்பா?" என்றார். கேட்டதோடு விட்டிருக்கலாம். பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தோண்டினார். அயர்லாந்து, வேல்ஸ் மொழிகளுக்கெல்லாம் மூதாதையான பழைய கெல்டிக் மொழியில் போய் இறங்கினார். அங்கே முழங்காலுக்கு 'க்ளூனோஸ்' என்று பெயராம்.

"யாரும் எழுதி வெச்ச வார்த்தை இல்ல. வாரிசு மொழிகளைப் பார்த்து ஊகிச்சது. அதனால முன்னாடி ஒரு ஸ்டார் போடுவாங்க."

பட்டப்பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

அவரை வாட்டியது நடுவிலிருந்த 'ள'. சமஸ்கிருதத்தில் ஜானு, கிரேக்கத்தில் கோனு. எங்கும் 'ன' இருக்க, இங்கே மட்டும் 'ள' எப்படி? மதியங்களில் ஜன்னலுக்கு வெளியே மேகம் ஏரிப் பக்கம் நகரும். காதில் ஏதோ டாக்டர் பேசிக்கொண்டேயிருப்பார். ஸ்டார் சார் 'ள' இருந்த இடத்தில் 'ன'வைப் போட்டு "க்னூனோஸ், க்னூனோஸ்" என்று முணுமுணுப்பார். கேட்கிற எங்களுக்கும் கண் சொருகும்.

மேல்மாடி வீடுகளுக்கு மீன் விற்க வரும் அஞ்சலை அக்காவுக்கு முட்டி வலி. கூடையை ஸ்டார் சார்தான் தினமும் மேலே ஏற்றுவார்.

"இன்னா சார், தனியா பேசிகினு வரீங்க?"

"க்னூனோஸ். எங்க, சொல்லுங்கக்கா."

"க்ளூனோஸ்," என்ற அக்கா, "நாக்கு சுளுக்கிகிச்சு சார். ஒரே பேஜாரு," என்றார்.

ஸ்டார் சார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு 'ன' அடுத்தடுத்து வந்தால் நாக்கு ஒன்றை 'ள'வாக மாற்றிக்கொள்ளும். "அன்னிக்கும் இதேதான்க்கா நடந்திருக்கு," என்றார், கண் கலங்கி.

அந்தப் பரவசத்தில் ஒரு நோயாளியின் ரிப்போர்ட் முழுக்க, 'நீ' வர வேண்டிய இடத்திலெல்லாம் ஸ்டார் போட்ட க்ளூனோஸையே அடித்து அனுப்பிவிட்டார். டீம் லீடர் மாலதி மேடம் கூப்பிட்டார்.

"பேஷண்ட் முட்டியில ஸ்டார் எங்கேர்ந்து சார் வந்தது?"

"ரொம்ப தூரத்துலேர்ந்து மேடம்."

அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று.

மறுநாள் பத்தரை மணிக்குப் படிக்கட்டில் சத்தம். எட்டிப் பார்த்தால் தலையில் மீன்கூடையோடு ஸ்டார் சார்.

"சார், உங்க வேலைதான் போயிடுச்சே?"

"அக்காவுக்கு வலி போகலையேப்பா."

நான் ஒதுங்கி வழிவிட்டு, அவர் மேலே போகும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.